பாங் பா இன்னுக்கு மூன்றாம் வகுப்பு

ஜன்னல் கம்பி சுட்டது.
"நிழல் பக்கம் உங்களுக்கு" என்று நகர்ந்தார் சம்ருவாய்,
தையல்காரர், வயது அறுபத்தொன்று,
பிப்ரவரியில் நகராட்சி நீச்சல் குளத்தின் ஆழமான மூலையிலிருந்து
முடியைப் பிடித்து நான் மேலே இழுத்த மனிதர்.
முடி அதிகம் இல்லை. இரண்டாம் முறைதான் பிடி கிடைத்தது.
கரையில் கிடத்தி அழுத்தியபோது
அவர் விலா எலும்பொன்று என் உள்ளங்கைக்குக் கீழே
சுள்ளி போல ஒடிந்தது.

அதற்கு நன்றியாம் இந்தப் பயணம்.
பழக்கூடை அனுப்பியிருக்கலாமே என்றேன்.
"பழத்தை ஒரே நாளில் தின்றுவிடுவீர்கள்."
இதுவும் ஒரு நாள்தான் என்று நான் சொல்லவில்லை.

டான் முவாங்கில் விமானங்கள் வயிற்றைக் காட்டிப் பறந்தன.
ரங்சித்தில் வறுத்த கோழி ஏறியது.
அடுத்த நிலையத்தில் அதே கோழி, வேறு பெண்,
ஐந்து பாட் குறைவு.
வயல்கள் தொடங்கும்வரை
அந்த ஐந்து பாட்டைப் பற்றியே பேசினார்.
வேறென்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.
அவர் வாயில் நான் ஊதிய காற்று
எங்கள் நடுவே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது,
டிக்கெட் இல்லாமல்.

அரண்மனை வாசலில் காவலர்
என் முழங்காலைப் பார்த்துத் தலையசைத்தார்.
பதினொரு வருடமாக அரைக்கால் சட்டையில் சம்பளம் வாங்குகிறவள்,
முழங்கால் ஒரு குற்றம் என்பதே மறந்துபோயிருந்தது.
முன்பணம் கட்டி ஒரு சுற்றுப் பாவாடை இரவல் வாங்கினேன்.
சம்ருவாய் அதன் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து
"மெஷின் தையல். அவசரம்" என்றார்.
அன்றைக்கு முதல் தடவையாக அவர் குரல் நடுங்கவில்லை.

குளத்தின் நடுவில் கூர்முடி வைத்த மண்டபம்,
உள்ளே ஓர் அரசர் சிலை, தனியாக.
பாலம் இருக்கிறது. நமக்கில்லை.
ரொட்டி வாங்கி மீனுக்குப் போட்டோம்.

அப்புறம், மரங்களுக்குள், அந்தப் பளிங்கு.

அரசி ஒருத்தி.
இங்கே வரும் வழியில் படகு கவிழ்ந்தது. மகளும் கூட இருந்தாள்.
சுற்றிலும் ஆட்கள் இருந்தார்களாம், ஆற்றிலேயே வளர்ந்தவர்கள்.
தொட்டால் தலை போகும் என்பது சட்டம்.
தொடவில்லை என்கிறார்கள்.

மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை, அது எனக்குத் தெரியும்.
இல்லாத ஏணியில் ஏறுவார்கள்.
எனக்குத் தெரியாததை அவரிடம் கேட்டேன்:
"நனைந்த பட்டு எவ்வளவு கனக்கும்?"
"எத்தனை முழம்?"
"ஓர் அரசிக்கு எத்தனையோ அத்தனை."
விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.
நான்காவது விரலில் நிறுத்தினார்.
கையை மெதுவாக மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து,
"என்னைத் தூக்குமுன் நீங்கள் யோசித்தீர்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வெயில் நன்றாகத்தான் இருந்தது.
"கடிகாரத்தைக் கழற்றினேன்.
கொக்கி கொஞ்சம் இறுக்கம்."
"நல்ல கடிகாரமா?"
"தவணையில் வாங்கியது. தண்ணீர் தாங்காது."
அவர் அதை எடைபோட்டுப் பார்த்தார்,
துணிக்கடையில் விளிம்பைத் தேய்த்துப் பார்ப்பதுபோல.
"எத்தனை தவணை பாக்கி?"
"அப்போது ஏழு."
"அப்படியானால் சரி" என்றார்.

பாவாடையைத் திருப்பிக் கொடுத்தோம்.
முன்பணத்தை இரண்டு முறை எண்ணி வாங்கியவர் அவர்தான்.

அக்கரையில் ஒரு கோயில்,
மாதா கோயில் போலக் கட்டிய புத்தர் கோயில்.
போக ஒரு தொங்கு பெட்டி, கம்பியில் ஊர்வது,
ஆறு பேர் நின்றால் தோள் இடிக்கும்.
சம்ருவாய் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
ஏறிவிட்டார்.

நடு ஆற்றில் பெட்டி ஒரு குலுக்கு குலுக்கியது.
கீழே பழுப்பு நீர், அதே ஆறு, ஆகாயத்தாமரை மிதந்து போனது.
கையை அல்ல, பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தேன்.
தொழில் பழக்கம்.
கழுத்துப் பொத்தான் தெறித்துக் கம்பிக்கிடையே விழுந்தது,
சத்தமே இல்லாமல்.

"வீட்டில் நிறைய இருக்கிறது" என்றார்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு,
"விட்டுவிடாதீர்கள்."